செர்பிய மொழியின் 'பாஷ்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் 'வெரி' என்று மொழிபெயர்க்கலாமா?

கேள்வி கேட்டவர் ஒரு செர்பியச் சிறுகதையை ஆங்கிலமாக்கிக்கொண்டிருக்கிறார். அதில் ஒரு பாட்டி பேரனிடம், "நியே பாஷ் லெபோ ஒட் டெபெ" என்கிறாள். நீ செய்தது அவ்வளவு நன்றாக இல்லை என்று பொருள். 'பாஷ்' அழுத்தம் தரும் வினையடை என்று அகராதியில் பார்த்துவிட்டு அவர் 'வெரி' என்று எழுதியிருக்கிறார். கதை முழுவதும் அப்படியே எழுதலாமா என்பது கேள்வி.

இந்த வாக்கியத்தில் எழுதலாம். 'தட் வாஸ்ன்ட் வெரி நைஸ் ஆஃப் யூ' என்பது நல்ல ஆங்கிலம். பாட்டியின் குரலும் அதில் இருக்கிறது. ஆனால் கதை முழுவதும் இதையே செய்தால் கதை கெட்டுவிடும்.

நான் பெல்கிரேடில் இருந்துகொண்டு குறும்படங்களுக்கு ஆங்கில சப்டைட்டில் எழுதுகிறவன். வசனத்தாளில் இந்தச் சொல் இல்லாத பக்கம் அபூர்வம். அகராதி இதற்கு அழுத்தச் சொல் என்று பெயர் வைத்தது தவறில்லை. ஆனால் அழுத்தத்தில் இரண்டு வகை உண்டு. அகராதி அவற்றைப் பிரித்துச் சொல்வதில்லை.

அளவைக் கூட்டிச் சொல்வது ஒரு வகை. அதற்குச் செர்பிய மொழியில் 'வ்ர்லோ', 'வெஓமா', 'யாகோ' என்று தனிச் சொற்கள் இருக்கின்றன. இவற்றில் 'வெஓமா' கொஞ்சம் ஏட்டு நடை. 'யாகோ' வலிமை என்ற பொருளிலிருந்து வந்தது, எல்லோர் வாயிலும் புழங்குவது. இவற்றுக்கு 'வெரி' கண்ணை மூடிக்கொண்டு போடலாம். பயங்கரம் என்ற பொருள் தரும் 'ஸ்ட்ராஷ்னோ' வந்தாலும் சிக்கல் இல்லை. "ஸ்ட்ராஷ்னோ டோப்ரோ" என்றால் பிரமாதம். ஆங்கிலத்திலும் 'டெரிப்ளி குட்' என்று சொல்லும் வழக்கம் இருக்கிறது.

'பாஷ்' இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததே அல்ல. அது அளவைக் கூட்டுவதில்லை, குறிவைக்கிறது. ஒருவர் மனத்தில் ஏற்கெனவே ஓர் எதிர்பார்ப்பு இருக்கிறது. அது சரியாகப் பலிக்கும்போதோ பொய்க்கும்போதோ இந்தச் சொல் வந்து நிற்கும். "வ்ர்லோ லெபோ" என்றால் மிக அழகு, அவ்வளவே. "பாஷ் லெபோ" என்றால், நான் இப்படி இருக்கும் என்று நினைக்கவில்லை, ஆனால் அழகாகத்தான் இருக்கிறது என்ற சாயலும் வரலாம்; ஒப்புக்காகச் சொல்லவில்லை, மனதாரச் சொல்கிறேன் என்ற சாயலும் வரலாம்.

தமிழருக்கு இதைப் புரியவைக்க நீண்ட விளக்கம் தேவையில்லை. பெரும்பாலான இடங்களில் அது நம் 'தான்'. "பாஷ் ஓன் யே டோ ரேகாவோ" என்றால் அவன்தான் அதைச் சொன்னான். அதே சொற்களை வைத்துக்கொண்டு "ஓன் யே பாஷ் டோ ரேகாவோ" என்றால் அதைத்தான் அவன் சொன்னான். நாம் ஒட்டை எந்தச் சொல்லின் பின்னால் சேர்க்கிறோமோ, அந்தச் சொல்லின் முன்னால் அவர்கள் 'பாஷ்' வைக்கிறார்கள். ஆங்கிலத்துக்கு இந்த வசதி இல்லை. முதல் வாக்கியத்துக்கு அது வாக்கியத்தையே உடைத்து 'இட் வாஸ் ஹிம் ஹூ செட் இட்' என்று கட்டுகிறது. இரண்டாவதற்கு 'தட்ஸ் எக்ஸாக்ட்லி வாட் ஹி செட்'. சொல்லுக்குச் சொல் தேடுகிறவர் இந்த இடத்தில்தான் முட்டிக்கொண்டு நிற்பார். இங்கே ஆங்கிலத்தில் 'பாஷ்' ஒரு சொல்லாக வராது, வாக்கிய அமைப்பாக வரும்.

வேறு இடங்களில் அது இன்னும் பல வேடம் போடும். "பாஷ் சாட்" என்பது 'ரைட் நௌ'. "பாஷ் சாம் ஹ்டேவோ டா டே ஸோவெம்" என்றால், உன்னைக் கூப்பிடத்தான் இருந்தேன். ஆங்கிலத்தில் 'ஐ வாஸ் ஜஸ்ட் அபௌட் டு கால் யூ'. "பாஷ் ஸ்வி" என்றால் ஒருவர் விடாமல் எல்லோரும், 'அப்ஸொலூட்லி எவ்ரிவன்'. "பாஷ் வோலிம் கிஷு" என்று யாராவது மழையை ரசித்துச் சொன்னால் 'ஐ டூ லவ் தி ரெய்ன்' என்று எழுதுவேன். அந்தச் சின்ன 'டூ' முழு வேலையையும் செய்துவிடும். எரிச்சலோடு "ஸார் பாஷ் சாட்?" என்று கேட்டால், இப்போதுதானா என்று பொருள். அதற்கு 'ரைட் நௌ' சரிவராது. 'மஸ்ட் இட் பி நௌ?' அல்லது 'நௌ, ஆஃப் ஆல் டைம்ஸ்?' என்றால்தான் அந்தச் சலிப்பு வரும்.

சொல்லின் பிறப்பும் இதற்கு ஒத்துப்போகிறது. துருக்கிய மொழியில் தலை, தலைமை என்று பொருள்படும் 'பாஷ்' என்பதிலிருந்து இது வந்ததாக அகராதிகள் சொல்கின்றன. ஒட்டோமான் ஆட்சிக் காலத்தில் பால்கன் மொழிகளுக்குள் நுழைந்த ஆயிரக்கணக்கான சொற்களில் இதுவும் ஒன்று. சரயேவோ நகரின் பழைய கடைவீதியான பாஷ்சார்ஷியாவின் பெயரில் இருப்பதும் இதே தலைதான்: தலைமைச் சந்தை. கொள்ளைக் கூட்டத் தலைவனைக் குறிக்கும் 'ஹரம்பாஷா'விலும் அதுவே. தலையான பொருளைச் சுட்டிய சொல் 'இதுவேதான்' என்று சுட்டும் சொல்லாகத் தேய்ந்ததில் ஆச்சரியமில்லை.

வேடிக்கை என்னவென்றால் 'வெரி'யின் பூர்வீகமும் அளவு அல்ல. உண்மை என்ற பொருள் தரும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து அது ஆங்கிலத்துக்கு வந்தது. 'தி வெரி மேன்', 'திஸ் வெரி டே' என்ற தொடர்களில் அந்தப் பழைய பொருள் இன்றும் தங்கியிருக்கிறது: அதே மனிதன், இதே நாள். ஆகவே "பாஷ் டாய் சோவெக்" என்பதற்கு 'தி வெரி மேன்' மிகப் பொருத்தம். கொஞ்சம் பழைய வாசம் அடிக்கும். பாட்டிக்குப் பொருந்தும், பேரனுக்குப் பொருந்தாது.

இனி எதிர்மறை. உங்கள் வாக்கியம் இந்த வகை என்பதால் இதைக் கவனமாகப் பாருங்கள். "நியே பாஷ் லெபோ" என்பதும் "பாஷ் நியே லெபோ" என்பதும் ஒன்றல்ல. முதலாவதில் இல்லை என்ற சொல் 'பாஷ்' மீது விழுகிறது: நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. நன்றாக இல்லை என்பதை முகம் முறியாமல் சொல்லும் வழி இது. இரண்டாவதில் 'பாஷ்' இல்லை என்ற சொல்லைப் பிடித்துக்கொள்கிறது: கொஞ்சமும் நன்றாக இல்லை. முதலாவதற்கு 'நாட் வெரி நைஸ்', இரண்டாவதற்கு 'ரியலி நாட் நைஸ்'. ஆங்கிலத்திலும் சொல் வரிசையே வேலையைச் செய்வதைக் கவனியுங்கள். முதலாவதற்குத் தமிழில் 'தான்' கைகொடுக்காது, 'அவ்வளவாக' என்றுதான் போக வேண்டும். உங்கள் 'வெரி' அந்த வாக்கியத்தில் பொருந்தியதற்குக் காரணம், ஆங்கிலத்தின் 'நாட் வெரி' என்ற தொடரும் அதே பாசாங்கு மென்மையைக் காட்டுவதுதான். 'பாஷ்' என்றால் 'வெரி' என்பதால் அல்ல.

பெல்கிரேடின் கலெனிச் சந்தையில் கய்மாக் வாங்கப் போனால் இதை நேரில் கேட்கலாம். பாலாடையைத் திரட்டி உப்பிட்டுச் செய்வது அது. இளசு, முற்றியது என்று தரம் பிரித்து விற்பார்கள். இது புதியதா என்று கேட்டால் விற்கிற அம்மாள் "நியே பாஷ் ஒட் யூட்ரோஸ்" என்பார். இன்று காலையில் செய்தது என்று சொல்லமாட்டேன் என்பது பொருள். செய்து நாளாகிவிட்டது என்பது உட்பொருள். இங்கே 'வெரி'க்கு இடமே இல்லை. 'வெல், இட் வாஸ்ன்ட் மேட் திஸ் மார்னிங், எக்ஸாக்ட்லி' என்று அந்தச் சொல்லைக் கடைசியில் கொண்டுபோய் வைத்தால் வியாபாரியின் நெளிவு சரியாக விழும்.

அடுத்தது, அகராதியை நம்பி இறங்கினால் எதிர்த்திசையில் கொண்டுபோய் விடும் தொடர்: "பாஷ் மே ப்ரீகா." ப்ரீகா என்றால் கவலை. சொல்லுக்குச் சொல் பார்த்தால் எனக்கு அதில் பெரிய அக்கறை என்று வரும். பொருள் நேர் எதிர்: எனக்கென்ன வந்தது! கிண்டலாகச் சொல்லிச் சொல்லி, கிண்டல் உறைந்து நிலைத்துவிட்ட தொடர் இது. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் 'ஐ குட்ன்ட் கேர் லெஸ்' என்பார்கள். அமெரிக்கர் பலர் எதிர்மறையை உதறிவிட்டு 'ஐ குட் கேர் லெஸ்' என்கிறார்கள். இலக்கணப் பிரியர்கள் அதைக் கண்டு கொதிக்கிறார்கள். எனக்கு அந்த அமெரிக்க வடிவம் பிடிக்கும், செர்பியத் தொடரைப் போலவே அதுவும் நேர்மறையில் நின்று எதிர்மறையைச் சொல்வதால். ஆனாலும் அச்சில் பிரிட்டிஷ் வடிவத்தையே எழுதுங்கள், பிழை என்று யாரும் கடிதம் எழுதமாட்டார்கள்.

'ரியலி'யைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 'வெரி' வேண்டாம் என்றதும் எல்லோரும் ஓடுவது அதனிடம்தான். பாதி இடங்களில் அது பிழையில்லை. ஆனால் செர்பிய மொழியிலேயே 'ரியலி'க்கு நேரான 'ஸ்ட்வார்னோ' இருக்கிறது, எழுத்தாளர் அதையும் பயன்படுத்தியிருப்பார். இரண்டையும் ஒரே சொல்லில் போட்டு நிரப்பினால் ஒரு பக்கத்தில் நான்கு 'ரியலி' வந்து நிற்கும். அதற்கு மேல் எந்தப் பாத்திரம் பேசினாலும் அமெரிக்கப் பதின்வயதுப் பெண் பேசுவதைப் போலத்தான் கேட்கும். விட்டுவிடுவதற்கும் துணியுங்கள். "பாஷ் மி யே ட்ராகோ" என்பதற்கு 'ஐ'ம் சோ க்ளாட்' வேண்டும்தான். ஆனால் முந்தைய வரியிலேயே மகிழ்ச்சி கொட்டிக் கிடந்தால் வெறும் 'ஐ'ம் க்ளாட்' போதும். சப்டைட்டிலில் நடிகரின் முகம் பாதியைச் சொல்லிவிடும். கதையில் அந்த வசதி இல்லை, ஆகவே நீங்கள் என்னைவிடக் கொஞ்சம் குறைவாகவே விட வேண்டியிருக்கும்.

உங்கள் கதையில் பாட்டி இருக்கிறாள் என்பதால் இன்னொரு வாக்கியமும் வரக்கூடும்: "பாஷ் சி மி டி நெக்கி மாய்ஸ்டோர்!" பேரன் எதையாவது பழுதுபார்க்கப் போய் உடைத்துவிட்டு நிற்கும்போது சொல்வது. பெரிய மேஸ்திரிதான் போ, என்ற தொனி. அதில் வரும் 'மி' எனக்கு என்று பொருள்படும். அது வெறும் செல்லம், மொழிபெயர்க்க வேண்டாம். 'பாஷ்' இருப்பதால் 'ரியலி' என்று தொடங்கத் தோன்றும், தொடங்காதீர்கள். 'சம் ஹேண்டிமேன் யூ ஆர்!' என்று முடித்துவிடுங்கள்.