கிராண்ட் ஜூரிக்கு நீதிபதி வழங்கும் அறிவுரை வெறும் சடங்குதானா?

சாட்சி விசாரணை முழுவதையும் அரசு வழக்கறிஞரே நடத்தும்போது, தொடக்கத்தில் நீதிபதி கிராண்ட் ஜூரிக்கு, அதாவது ஒருவர் மீது குற்றச்சாட்டைப் பதிவு செய்வதா என்று முடிவெடுக்கும் குடிமக்கள் குழுவுக்கு, அறிவுரை வழங்குவதால் என்ன பயன் என்று கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களின் நடைமுறையை வைத்துப் பதில் சொல்கிறேன்.

16 முதல் 23 பேர் வரை கொண்ட அந்தக் குழு உறுதிமொழி எடுத்ததும் நீதிபதி அதன் கடமைகளை விளக்குகிறார். அதன்பின் சாட்சிகள் விசாரிக்கப்படும் அறைக்குள் அவர் வருவதில்லை. சந்தேகத்துக்குள்ளானவரின் வழக்கறிஞருக்கும் அங்கே இடமில்லை. பொதுவாக 18 மாதங்கள் வரை நீடிக்கக்கூடிய அந்தப் பணியில், அரசுத் தரப்பைச் சாராத ஒருவர் ஜூரியிடம் விரிவாகப் பேசும் வாய்ப்பு பெரும்பாலும் அந்த ஒரு முறைதான் என்பதாலேயே, அதைச் சடங்கு என்று ஒதுக்க என்னால் முடியவில்லை.

அறிவுரையின் மையம் இதுதான்: ஒருவர் குற்றவாளியா என்று தீர்மானிப்பது உங்கள் வேலையன்று, அவர் குற்றம் செய்தார் என நம்புவதற்கு முகாந்திரம் இருக்கிறதா என்பதை மட்டும் பாருங்கள். குற்றச்சாட்டைப் பதிவு செய்ய 12 பேரேனும் இசைய வேண்டும். வாக்களிக்கும்போது அரசு வழக்கறிஞரும் வெளியேறிவிட வேண்டும். உள்ளே நடந்ததை ஜூரி உறுப்பினர்கள் வெளியே பேசக் கூடாது. சாட்சிகளை நீங்களும் கேள்வி கேட்கலாம் என்பதையும், நீங்கள் அரசு வழக்கறிஞரின் கையாட்கள் அல்லர், சுதந்திரமான அமைப்பு என்பதையும் நீதிபதி எடுத்துச் சொல்கிறார். தனக்குச் சாதகமல்லாத சான்றுகளையும் ஜூரியின் முன் வைக்கும் சட்டக் கடமை அரசுத் தரப்புக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1992-இல் வில்லியம்ஸ் வழக்கில் தீர்ப்பளித்துவிட்ட நிலையில், இந்த இரண்டும்தான் எனக்கு மிக முக்கியமாகப் படுகின்றன.

சிக்கல் வேறோரிடத்தில் இருக்கிறது. முகாந்திரம் இருந்தாலும் மனச்சாட்சிப்படி குற்றச்சாட்டை மறுக்கும் அதிகாரம் ஜூரிக்கு உண்டு என்பதை, நீதிபதிகளின் பயன்பாட்டுக்கென வகுக்கப்பட்ட மாதிரி அறிவுரை வெளிப்படையாகச் சொல்வதில்லை. மாறாக, நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் சரியா தவறா என்று ஆராய வேண்டாம் என்கிறது. கலிபோர்னியாவிலிருந்து எழுந்த நவாரோ-வர்காஸ் வழக்கில் இது அரசியலமைப்புக்கு முரணானது என்று வாதிடப்பட்டது. ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2005-இல் அந்த வாதத்தை ஏற்கவில்லை. நீதிபதிகளிடையேயும் கருத்து பிளவுபட்டது. ஜூரி குற்றச்சாட்டை மறுத்தால் அதற்கு எவரிடமும் காரணம் சொல்லத் தேவையில்லை என்பதால் அதன் சுதந்திரம் காக்கப்பட்டே இருக்கிறது என்ற பெரும்பான்மையினரின் விளக்கம் சட்டப்படி வலுவானதுதான். ஆனால் தம்மிடம் இருப்பதாகவே அறியாத அதிகாரத்தை, சம்மன் வந்து அமர்ந்திருக்கும் சாதாரணக் குடிமக்கள் எப்படிப் பயன்படுத்துவார்கள்? அதை நீதிபதி ஒரே ஒரு வாக்கியத்திலாவது சொல்லிவிட வேண்டும் என்பதே என் கருத்து.