குழிக்கும் கிணற்றுக்கும் எத்தனை அடி?

அன்புள்ள அக்கா,

மட்டக்களப்பில் களுவாஞ்சிகுடிப் பக்கம் படிப்பிக்கிறேன். நவம்பர் 19 உலகக் கழிப்பறை தினத்துக்குப் பாடசாலையில் விழிப்புணர்வு நிகழ்ச்சி என் பொறுப்பு. உலகத்தில் 340 கோடிப் பேருக்கு மலசலகூடமே இல்லை என்று சொன்னால், பிள்ளைகள் "எங்கட வீட்டில இருக்குத்தானே டீச்சர்" என்று சிரிக்கிறார்கள். எப்படி உணரவைப்பது? நாடகம் போடலாமா, ஊர்வலம் நல்லதா?

ஓர் ஆசிரியை

அன்புள்ள தங்கச்சி,

நாடகம் போடுங்கள். ஊர்வலம் வேண்டாம், மாரி மழையில் பிள்ளைகள் நனைந்து காய்ச்சல் வரும்.

ஆனால் அந்த 340 கோடிக்கு உங்கள் தலையில் ஒரு குட்டு வைக்க வேண்டும். வெட்டவெளிக்குப் போகிறவர்கள் சுமார் 35 கோடி. அதுவே வெட்கக்கேடு. மிச்சப் பேரில் பெரும்பாலானோரிடம் ஏதோ ஒரு மலசலகூடம் இருக்கிறது, சிலருடையது டைல்ஸ் பதித்தது. அந்த 340 கோடி, பாதுகாப்பான மலசலகூட வசதி இல்லாதவர்களின் கணக்கு. கீழே போனது பிறகு எங்கே போய்ச் சேருகிறது என்பதையும் சேர்த்துத்தான் யுனிசெப்பும் உலக சுகாதார நிறுவனமும் பார்க்கின்றன. படிப்பிக்கிற ஆள் ஒரு எண்ணைச் சொல்ல முதல் அது எதை எண்ணியது என்று பார்க்க வேண்டாமா? சிரித்த பிள்ளைகளின் வீடும் அந்தக் கணக்கில் வரலாம்.

எங்கள் வீடு வந்திருக்கும். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் மணல். தோண்டினால் சில அடியிலேயே தண்ணீர். கிணறு கட்ட அது வரம், மலசலகூடக் குழி வெட்ட அதுதான் வினை. மணல் எதையும் நெடுநேரம் பிடித்து வைக்காது.

மாரியில் நிலத்தடி நீர் ஏறும்போது எங்கள் கக்கூசு பேச ஆரம்பிக்கும். குளுக், குளுக் என்று கோப்பைக்குள் குமிழி வரும். அம்மம்மா பலகை ஒன்றைப் போட்டு மூடி, மேலே அம்மிக்குழவியைத் தூக்கி வைப்பா. (அது ஓய்வுபெற்ற குழவி, பயப்பட வேண்டாம்.) வெள்ளம் வடியும்வரை அயலில் மேட்டு வீட்டுக்குப் போவோம். ஆம்பிளைகளுக்கு எப்போதும் ஒரு வழி இருந்தது. அம்மம்மா மட்டும் பின்னேரத் தேத்தண்ணியைத் தொடமாட்டா. "வேணாம் மகள், வயிறு சரியில்ல" என்பா. வயிற்றுக்கு ஒன்றும் இல்லை என்று எனக்கு நெடுநாள் கழித்துத்தான் விளங்கியது. உலகக் கழிப்பறை தினமும் சரியாக அந்த மாரியில்தான் வருகிறது, பாருங்கள்!

சரி, அடிக்கணக்குக்கு வருவோம். கிணற்றுக்கும் குழிக்கும் இடையில் ஐம்பதடி வேண்டும் என்று பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) அந்தக் காலத்திலேயே சொல்லிப்போட்டுப் போனார். பத்துப் பேர்ச் காணி 2,700 சதுர அடி சொச்சம். சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 52 அடி. அதற்குள் வீடு, கிணறு, குழி மூன்றையும் ஐம்பதடி விட்டு வைத்துக் காட்டச் சொல்லுங்கள், உங்கள் கணக்குப் பாடமும் முடிந்துவிடும். கல்லடியிலும் காத்தான்குடியிலும் அதைவிடச் சின்னத் துண்டுகளில் வீடுகள் நெருங்கி நிற்கின்றன. உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் குழாயில் வருகிறதே என்பீர்கள். குழாய் வந்த வீட்டிலும் பல்லுத் தீட்டுவதும் சட்டி கழுவுவதும் கிணற்றடியில்தானே.

அதனால் சுவரொட்டியை விட்டுவிட்டுப் பிள்ளைகளிடம் ஒரு அளவுநாடாவைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்புங்கள். அளக்கும்போது வேலியோடு நிற்க விடாதீர்கள். எங்கள் குழி கிணற்றிலிருந்து தள்ளித்தான் இருந்தது. பக்கத்து வளவுக்காரர் வேலியோரமாக வெட்டிய புதுக்குழி பன்னிரண்டடியில் இருந்தது. சொந்தக்காரர், எப்படிக் கேட்பது என்று நாங்களும் வாயை மூடிக்கொண்டு இரண்டு மாரி அந்தத் தண்ணீரையே குடித்தோம்.