டொமினிகன் குடியரசு: கட்டடமும் பேஸ்பாலும், கேள்வி பதில்

நான் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர். கரீபியன் பக்கம், அதிலும் பெரும்பாலும் டொமினிகன் குடியரசில், வேலை பார்த்தவன். அந்த நாட்டைப் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. கட்டடம் என் தொழில், பேஸ்பால் அங்கே போய் ஒட்டிக்கொண்ட பைத்தியம், இந்த இரண்டுக்கும் நீட்டிப் பதில் சொல்வேன். விசா, வேலைவாய்ப்பு, போட்ட பணம் இரட்டிப்பாகுமா போன்றவற்றை என்னிடம் கேட்காதீர்கள்.

கோவை நண்பர்: சார், அவ்வளவு சின்ன நாட்டில் ஏன் இப்படி விழுந்து விழுந்து கட்டுகிறார்கள்?

ஒரே தீவு, மேற்கில் ஹைட்டி, கிழக்கில் இவர்கள். மக்கள் தொகை சுமார் 1.1 கோடி. 2024இல் வந்த சுற்றுலாப் பயணிகளும், கப்பலில் வந்தவர்களைச் சேர்த்தால், ஏறக்குறைய அதே அளவு. இப்போது ஓட்டல் ஓட்டலாக நிற்கும் புன்டா கானா 1969இல் முதலீட்டாளர்கள் நிலம் வாங்கியபோது வெறும் காடு, சரியான சாலைகூடக் கிடையாது. 1980களில் அங்கே தனியார் விமான நிலையமே கட்டினார்கள், முனையத்துக்குப் பனையோலைக் கூரை. 2001இல் சுற்றுலாத் திட்டங்களுக்கு வரிச்சலுகை தரும் 158-01 சட்டம், 2011இல் வாங்குபவர் பணத்தை விற்பவர் கையில் தராமல் அறக்கட்டளை (ட்ரஸ்ட்) கணக்கில் வைத்துக் கட்டும் 189-11 சட்டம், அப்புறம் நியூயார்க்கில் இருக்கும் சொந்தக்காரர்கள் அனுப்பும் டாலர். இந்த மூன்றும் சேர்ந்ததுதான் நீங்கள் படத்தில் பார்க்கும் கிரேன் கூட்டம். தலைநகர் சான்டோ டொமிங்கோவில் 2009இல் மெட்ரோ ஓட ஆரம்பித்தது, பிறகு கேபிள் கார். நிஜமான வளர்ச்சிதான், வெறும் விளம்பரம் இல்லை.

டொரோண்டோ வாசகி: அண்ணை, போன கிறிஸ்மஸுக்குப் புன்டா கானா போனனாங்கள். அங்க ஒரு காண்டோ கட்ட முதலே புக் பண்ணச் சொல்லுகினம். வாங்கலாமோ?

காண்டோ என்ற அடுக்குமாடி வீட்டை வாங்கலாமா வேண்டாமா என்பது உங்கள் முடிவு தங்கச்சி, எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன். பணம் அறக்கட்டளைக் கணக்குக்குத்தான் போக வேண்டும், விற்பவரின் சொந்தக் கணக்குக்குப் போகக்கூடாது. வீட்டுவசதி அமைச்சகத்தின் கட்டட அனுமதியைக் காட்டச் சொல்லுங்கள், "விண்ணப்பித்திருக்கிறோம்" என்ற பதில் அனுமதி ஆகாது. மண் பரிசோதனை அறிக்கை கேளுங்கள், ஏனென்றால் அந்தக் கரை முழுக்கச் சுண்ணாம்புப் பாறை, மேலே கெட்டியாகத் தெரியும், உள்ளே பொந்து இருக்கும், துளை போட்டுப் பார்க்காமல் அஸ்திவாரம் போட்டால் எந்தத் தூண் எதன் மேல் நிற்கிறது என்று யாருக்கும் தெரியாது. கடலோரக் காற்றில் உப்பு இருப்பதால் கம்பிக்கு மேல் கான்கிரீட் கவர் போதுமான கனம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சில வருடத்திலேயே துரு வீங்கிப் பெயர்ந்து விழும்.

இன்னொன்று: கட்டிய பிறகு குடியிருப்போர் சங்கம் கூரையில் என்ன ஏற்றுகிறது என்று கவனியுங்கள். நீச்சல் குளம், தண்ணீர் டேங்க், ஏசி வரிசை, எதுவாக இருந்தாலும் கணக்குப் போட்ட இன்ஜினியரின் கையெழுத்து இல்லாமல் மேலே போகக்கூடாது.

சென்னை வாசகர்: ஜெட் செட் விபத்தைப் பற்றிச் சொல்லுங்கள். புது நாடு, புதுக் கட்டடம், எப்படி விழுந்தது?

புதுக் கட்டடம் இல்லை. 2025 ஏப்ரல் 8, நள்ளிரவு தாண்டிய நேரம். சான்டோ டொமிங்கோவின் புகழ்பெற்ற இரவு விடுதி, முன்பு திரையரங்காக இருந்த இடம். மெரெங்கே என்ற அந்த நாட்டு நடன இசையின் பாடகர் ரூபி பெரெஸ் மேடையில் பாடிக்கொண்டிருந்தபோது கூரை அப்படியே கீழே வந்தது. 230 பேருக்கும் மேல் இறந்தார்கள். பாடகரும் போனார். அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் லீகான மேஜர் லீகில் 13 அணிகளுக்கு ஆடிய பிட்ச்சர் (பந்து வீசுபவர்) ஒக்டாவியோ டோட்டெலும் போனார். நாட்டில் யாரைக் கேட்டாலும் இறந்தவர்களில் ஒருவரையாவது தெரிந்திருந்தது.

திரையரங்குக் கூரை என்றால் நடுவில் தூண் இல்லாத நீண்ட இடைவெளி. அதில் மிச்சத் தாங்குதிறன் குறைவு, ஒரு இடம் விட்டுப்போனால் சுமையைப் பக்கத்தில் கைமாற்ற ஆள் இல்லை. விசாரணையில் வெளிவந்தது பல வருடங்களாகச் சேர்ந்த சுமை: ஒழுகுகிறது என்று பழைய பூச்சைக் கொத்தி எடுக்காமல் மேலே மேலே போட்ட அடுக்குகள், அதன் மேல் ஏசி இயந்திரங்கள், தண்ணீர் டேங்குகள். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் சின்ன வேலை, யாரும் இன்ஜினியரைக் கூப்பிட மாட்டார்கள். விபத்துக்குப் பிறகுதான், கட்டி முடித்த தனியார் கட்டடத்தைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டிய கடமை எந்த அலுவலகத்துக்கும் இல்லை என்பது ஊருக்கே தெரிந்தது. புதுக் கோபுரத்துக்கு ஆயிரம் கையெழுத்து, ஐம்பது வருடக் கூரைக்கு ஒன்றுமில்லை. எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம் இது. ஒழுகினால் பழைய அடுக்கை எடுத்துவிட்டுப் புதிது போடுங்கள். மேலே போடாதீர்கள்.

நியூ ஜெர்சி நண்பர்: உங்களுக்குப் பேஸ்பால் தெரியும் என்றீர்களே, சிகாகோ வொயிட் சாக்ஸ் ஏன் அப்படி அடிவாங்கியது?

2024இல் 41 வெற்றி, 121 தோல்வி, நவீன காலத்தில் ஒரு பருவத்தின் மிக அதிகத் தோல்வி. 2021இல் தங்கள் பிரிவில் முதலிடம் பிடித்த அணி அது. அமெரிக்க அணிகளைப் பற்றிப் பேச உங்கள் ஊரிலேயே ஆயிரம் பேர் இருக்கிறார்கள், என்னிடம் எஸ்ட்ரேயாஸ் ஒரியென்டாலெஸ் பற்றிக் கேளுங்கள்.

அதே நண்பர்: சரி, கேட்கிறேன். யார் அது?

சான் பெட்ரோ டி மகோரிஸ் என்ற கரும்பாலை நகரத்தின் அணி. பச்சை நிறம், சின்னம் யானை. டொமினிகன் குளிர்கால லீகில் மொத்தம் ஆறே அணிகள், அதில் ஒன்று. 1968இல் கோப்பை வாங்கினார்கள், அடுத்தது 2019 ஜனவரியில், இடையில் 51 வருடம். கொடுமை என்னவென்றால் அந்த ஊர்தான் ரிக்கோ கார்ட்டி, ஜார்ஜ் பெல், சாமி சோசா, அல்ஃபோன்சோ சொரியானோ, ராபின்சன் கனோ என்று உலகத்துக்கே ஆட்டக்காரர்களைத் தந்த ஊர். ஷார்ட்ஸ்டாப் என்ற முக்கியமான ஃபீல்டிங் இடத்தில் ஆடுபவர்கள் தெருவுக்குத் தெரு இருந்தார்கள், கோப்பை மட்டும் தலைநகரத்து லிசே அணிக்கும் சான்டியாகோ நகரின் அகிலாஸ் அணிக்கும் போய்க்கொண்டே இருந்தது. இறுதிப் போட்டி வரை வந்து தோற்றது எத்தனையோ முறை. கடைசியில் ஃபெர்னாண்டோ டாட்டிஸ் சீனியர் மேலாளர், மகன் டாட்டிஸ் ஜூனியர் களத்தில், தோரோஸ் அணியை வீழ்த்தி வாங்கினார்கள்.

மதுரை வாசகர்: ஐம்பது வருடம் என்றால் சாபம்தானே அண்ணா?

இல்லை. சின்ன நகரம், சின்ன வருமானம். தலைநகர அணிகளோடு பணத்தில் மோத முடியாது. அதோடு லீகின் அமைப்பே அப்படி, ஐம்பது ஆட்டம் ஆடி முதல் நான்கில் வந்தாலும் மறுபடி ஒரு சுற்று, பிறகுதான் இறுதி. அதற்குள் நல்ல பிட்ச்சரை அவருடைய அமெரிக்க அணி "களைத்துவிட்டார், போதும்" என்று திரும்ப அழைத்துக்கொள்ளும், அதற்கு ஒப்பந்தத்திலேயே வழி இருக்கிறது.

நியூ ஜெர்சி நண்பர்: அதைத்தான் சொல்ல வந்தேன்! மேஜர் லீகின் 30 அணிகளும் அங்கே அகாடமி வைத்துப் பதினாறு வயதுப் பையன்களை அள்ளிக்கொண்டு போகின்றன. சொந்த ஊர் அணிக்கு மிச்சம் என்ன இருக்கும்?

சென்னை வாசகர்: அள்ளிக்கொண்டு போவதால்தானே சார் பணம் வருகிறது? அந்தப் பணம் இல்லாவிட்டால் அந்த ஊரில் பாதி வீடு கிடையாது.

இரண்டு பேரும் இதே விஷயத்தில் எழுதித் தள்ளியிருக்கிறீர்கள், எல்லாவற்றையும் இங்கே போட இடமில்லை. நியூ ஜெர்சி நண்பர் சொல்வதில் உண்மை இருக்கிறது. பதினொன்று, பன்னிரண்டு வயதிலேயே பள்ளியை விட்டுவிட்டு 'புஸ்கோன்' எனப்படும் பயிற்சியாளரிடம் போய்விடுகிறார்கள், அவர் ஒப்பந்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை, சில சமயம் அதற்கு மேலும் எடுப்பார். கையெழுத்துப் போடுபவர்களில் பெரும்பாலோர் மேஜர் லீகைப் பார்ப்பதே இல்லை, பலர் தீவை விட்டுக்கூடப் போவதில்லை, இருபது வயதில் படிப்பும் இல்லாமல் ஆட்டமும் இல்லாமல் திரும்பி வருகிறார்கள். இதை வளர்ச்சி என்று நான் சொல்லமாட்டேன்.

சென்னைக்காரர் சொல்வதும் பொய்யில்லை. ஒப்பந்தப் பணம் வந்ததும் பையன் செய்யும் முதல் வேலை அம்மாவுக்கு வீடு. அந்த நாட்டில் எந்தக் குடியிருப்புக்குப் போனாலும் ஹாலோ பிளாக் வீடு, கான்கிரீட் ஸ்லாப், மேலே அடுத்த மாடிக்காக நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகள். கம்பி பல வருடம் மழையிலும் உப்புக் காற்றிலும் துருவேறி நிற்கும். பணம் வந்த வாரமே அதே கம்பியோடு புதுக் கம்பியைக் கட்டி, கீழே இருக்கும் அஸ்திவாரம் எத்தனை மாடிக்கு என்று பார்க்காமல் இரண்டு மாடி ஏற்றுவார்கள். அதனால்தான் பேஸ்பால் பேசினாலும் கட்டடத்துக்கே வந்துவிடுகிறேன். அகாடமிகள் பையனுக்கு ஆங்கிலம், வங்கிக் கணக்கு எல்லாம் சொல்லித் தருகின்றன. வீடு கட்டுமுன் இன்ஜினியரைப் பார் என்றும் சொல்லித் தரட்டும்.

திருச்சி வாசகர்: அங்கே ஏன் கிரிக்கெட் இல்லை?

இருந்தது. சான் பெட்ரோ கரும்பாலைகளுக்கு செயின்ட் கிட்ஸ், நெவிஸ், ஆன்டிகுவா தீவுகளிலிருந்து ஆள் வந்தார்கள், 'கொகோலோ' என்பார்கள், அவர்கள் ஆலை மைதானத்தில் ஆடியது கிரிக்கெட்தான். கியூபா போரிலிருந்து தப்பி வந்தவர்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே பேஸ்பாலைக் கொண்டுவந்திருந்தார்கள், 1916 முதல் 1924 வரை அமெரிக்கப் படை வேறு நாட்டை ஆண்டது. கொகோலோ பிள்ளைகள் அப்பாவின் மட்டையை விட்டுவிட்டு ஊரார் ஆட்டத்துக்குப் போனார்கள். ரிக்கோ கார்ட்டி, ஜார்ஜ் பெல் என்ற பெயர்களைப் பாருங்கள், கார்ட்டியும் பெல்லும் ஸ்பானியப் பெயர்கள் இல்லை.

துபாய் நண்பர்: அங்கே சைட் இன்ஜினியர் வேலை கிடைக்குமா?

மேலே சொல்லிவிட்டேன்.

சிங்கப்பூர் வாசகர்: காண்டோ வாங்கினால் பாதுகாப்பா?

டொரோண்டோ தங்கச்சிக்குச் சொன்னதைப் படியுங்கள். இதே கேள்வி இன்னும் பலரிடமிருந்து வந்திருக்கிறது, எல்லோருக்கும் அதே பதில்தான்.

பெங்களூரு வாசகி: கட்டுவது யார்? வேலையாட்கள்?

பெரும்பாலும் ஹைட்டியிலிருந்து வந்தவர்கள். சென்டரிங் அடிப்பது, கம்பி கட்டுவது, கலவை தூக்குவது எல்லாம். தொழிலாளர்களில் 80 சதவீதம் டொமினிகன்களாக இருக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, சைட்டில் போய்ப் பார்த்தால் நேர்மாறாக இருக்கும். 2024 அக்டோபரில் வாரம் 10,000 பேர் வரை நாடு கடத்துவோம் என்று அரசு அறிவித்தது, அந்த வருடத்தில் மட்டும் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோரை அனுப்பினார்கள். கட்டுநரே ஆள் போதவில்லை என்று புலம்புகிறார். வேலைக்கு வேண்டும், ஊரில் இருக்கக்கூடாது என்றால் அது அநியாயம் அம்மா. பாதுகாப்புக்கும் கேடு, ஏனென்றால் பிடித்துப் போவார்கள் என்று பயந்து வேலை செய்பவர் "கம்பி குறைவாக இருக்கிறது" என்று மேஸ்திரியிடம் சொல்லவே மாட்டார்.

சேலம் வாசகர்: நிலநடுக்கம்?

உண்டு, பெரிதாகவே. 1946 ஆகஸ்டில் வடகிழக்குக் கரையில் 8க்கு அருகில் ஒன்று, சுனாமியும் வந்தது. 2003 செப்டம்பரில் புவெர்ட்டோ பிளாட்டாவில் 6.4 அளவில் ஒன்று, பள்ளிக் கட்டடங்கள் சரிந்தன, நள்ளிரவு தாண்டிய நேரம் என்பதால் பிள்ளைகள் தப்பினார்கள். 2010இல் பக்கத்து ஹைட்டியில் நடந்தது உங்களுக்கே தெரியும். இப்போதிருக்கும் நிலநடுக்க விதி 2011இல் வந்தது, அதற்கு முன் 1979இன் தற்காலிகப் பரிந்துரைகள்தான். ஆகவே பழைய வீடு வாங்கினால் எந்த வருடம் கட்டியது என்று முதலில் கேளுங்கள். கீழ்த்தளம் முழுக்கப் பார்க்கிங், வெறும் தூண், மேலே கனமான சுவர்கள் என்றால் எந்த வருடமானாலும் இன்ஜினியரைக் காட்டாமல் வாங்காதீர்கள்.

டொரோண்டோ வாசகி: அண்ணை, நீங்கள் சொன்ன சங்கம் கூரையில சோலார் போடப் போகுதாம். அதுவும் பாரமோ?

பலகை பெரிய பாரமில்லை, புயல்தான் பிரச்சினை. 1979இல் டேவிட், 1998இல் ஜார்ஜஸ், 2022இல் ஃபியோனா, எல்லாம் அந்த நாட்டில் கரையேறியவை. காற்று பலகையைக் கீழிருந்து மேலே பிடுங்கும், அதற்காகச் சிலர் ஸ்லாபில் ஓட்டை போட்டு போல்ட் இறக்கி ஒழுக விடுவார்கள், வேறு சிலர் ஓட்டை வேண்டாமென்று கான்கிரீட் கட்டிகளை அடுக்குவார்கள், அதுதான் பாரம். எந்த முறை, சதுர மீட்டருக்கு எத்தனை கிலோ, யார் கையெழுத்து, இந்த மூன்றையும் சங்கத்திடம் எழுத்தில் வாங்குங்கள். தராவிட்டால் கூட்டத்தில் எழுந்து தடுத்து நிறுத்துங்கள்.

மதுரை வாசகர்: எஸ்ட்ரேயாஸ் ஆட்டம் பார்க்க எப்போது போகலாம்?

அக்டோபர் நடுவிலிருந்து ஜனவரி வரை. டெட்டெலோ வார்காஸ் மைதானம், தலைநகரிலிருந்து பஸ்ஸில் கிழக்கே ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். லிசே வரும் நாளாகப் பார்த்துப் போங்கள், டிக்கெட் முன்னாலேயே வாங்கிவிடுங்கள்.