டெக்சாஸில் துப்பாக்கி வாங்கலாமா என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, ஹூஸ்டனுக்கு வந்து மூன்று மாதம், எச்1பி விசா, பக்கத்து வீட்டில் திருட்டு, கூட வேலை பார்ப்பவர் துப்பாக்கி வாங்கச் சொல்கிறார், வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே எந்தக் கார், எந்தப் பகுதி என்றும். அதையெல்லாம் ஆபீஸில் நாலு பேரைக் கேட்டால் தெரிந்துவிடும். துப்பாக்கிக்கு மட்டும் சொல்கிறேன்.

வாங்காதீர்கள். தொடக்கூட வேண்டாம். எச்1பி, எஃப்1 மாதிரி தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது அமெரிக்க மத்திய அரசின் சட்டப்படி குற்றம். டெக்சாஸ் மாநிலச் சட்டம் எவ்வளவு தாராளமாக இருந்தாலும் அது உங்களைக் காப்பாற்றாது. 2022இல் மாறிய சட்டப்படி 15 ஆண்டு வரை சிறை. வேட்டை உரிமம் உள்ளவர்களுக்கு விதிவிலக்கு உண்டு; குடியேற்ற வக்கீலைக் கேட்காமல் அதை நம்பி இறங்க வேண்டாம். சனிக்கிழமை ரேஞ்சுக்கு, அதாவது சுடும் பயிற்சிக் கூடத்துக்கு, போய்ச் சும்மா சுட்டுப் பார்க்கலாம் என்று நண்பர்கள் கூப்பிடுவார்கள். ஃபுளோரிடாவில் கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டு மாணவர் விசாவை இழந்த ஒருவர் ரேஞ்சில் சுட்டதற்கே வழக்கில் மாட்டினார். 2019இல் அது உச்ச நீதிமன்றம் வரை போனது.

கிரீன் கார்டு வந்தபின் வாங்கலாம். ஆனால் துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை ஆனால் கிரீன் கார்டு இருந்தும் நாடு கடத்துவார்கள். நம் ஆட்களில் சிலரைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கார்டு கைக்கு வந்த மாதமே ஒன்றை வாங்கி வாட்ஸ்அப்பில் படம் போடுவார்கள். "ராத்திரியில் திருட வந்தால் சுடலாம், டெக்சாஸ் சட்டமே சொல்லுது" என்று விருந்தில் பேசுவார்கள். அது பாதிச் சட்டம். உடைமையை வேறு வழியில் காப்பாற்றவோ மீட்கவோ முடியாது, அல்லது வேறு வழியில் முயன்றால் தன் உயிருக்கோ உடம்புக்கோ பெரிய ஆபத்து என்று நியாயமாக நம்பியிருக்க வேண்டும் என்பது மீதிப் பாதி. அந்த நம்பிக்கை நியாயமா என்பதைச் சுட்டவன் முடிவு செய்வதில்லை, வழக்கு நடத்தலாமா என்று பார்க்கும் கிராண்ட் ஜூரியும், பிறகு வழக்கில் தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் நடுவர்களும் முடிவு செய்வார்கள். வீட்டை உடைத்து உள்ளே வருபவன் விஷயத்தில் சட்டம் நம் பக்கம் நிறையவே சாய்கிறது, பின்வாங்கி ஓட வேண்டிய கடமையும் இல்லை. அப்போதும் கண்மூடித்தனமாகச் சுட்டு, சம்பந்தமில்லாத ஒருவர் மேல் பட்டால், தற்காப்பு என்ற வாதம் அவர் விஷயத்தில் எடுபடாது. 17 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் கைக்கு எட்டும்படி தோட்டா போட்ட துப்பாக்கியை அசட்டையாக வைத்து, அது பிள்ளை கைக்குப் போனால் அதுவும் குற்றம். தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு பெருமை பேசும் அப்பாக்களை எனக்குத் தெரியும்.

நான் குடியுரிமை வாங்கிய பிறகுதான் வாங்கினேன். வகுப்புக்குப் போய், எழுத்துத் தேர்விலும் சுடும் தேர்விலும் தேறி உரிமம் எடுத்தேன். 2021இல் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லலாம் என்று சட்டம் மாறியது. இருந்தும் நான் புதுப்பிக்கிறேன். இரும்புப் பெட்டியின் பூட்டு எண் என் மனைவிக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

இவ்வளவு சொல்லக் காரணம், 2001இல் கதவுக்கு வெளியே நின்றவன் நான். வந்து இரண்டு வாரம். அபார்ட்மென்ட்டில் எல்லாக் கட்டடமும் ஒரே அச்சு. இரவு பதினொன்றரைக்குக் கடைசி பஸ்ஸில் இறங்கி, தப்பான கட்டடத்தில் ஏறி, சாவி திரும்பவில்லை என்று கதவை ஆட்டிக்கொண்டிருந்தேன். இங்கிருந்து கிழக்கே காரில் நாலைந்து மணி நேரத்தில் லூசியானா மாநிலத்தின் பேட்டன் ரூஜ் நகரம். அங்கே 1992இல் யோஷிஹிரோ ஹட்டோரி என்ற 16 வயது ஜப்பானிய மாணவன், ஹாலோவீன் விருந்துக்குப் போகும்போது வீடு மாறிப் போய்ச் சுடப்பட்டு இறந்தான். சுட்டவருக்குக் குற்ற வழக்கில் விடுதலை; பிறகு நஷ்டஈட்டு வழக்கில் 6,50,000 டாலருக்கு மேல் கொடுக்கத் தீர்ப்பு. இதெல்லாம் அன்று எனக்குத் தெரியாது.

ஜன்னல் திரை விலகியது. வெள்ளைத் தலை, கையில் துப்பாக்கி. கதவைத் திறக்காமலே "எந்த நம்பர்?" என்று கேட்டார். நடுங்கிக்கொண்டே சொன்னேன். துப்பாக்கியை உள்ளே வைத்துவிட்டு, செருப்பு மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். அடுத்த கட்டடத்தின் படிக்கட்டு வரை கூடவே நடந்தார். என் சாவி திரும்பிய சத்தம் கேட்ட பிறகுதான் திரும்பிப் போனார்.