நள்ளிரவில் உடைந்த குழாயும் ரசீது தராத பிளம்பரும்

கேள்வி: தாம்பரத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறோம். இரவு பதினொரு மணிக்குக் குளியலறைக் குழாய் சுவரோடு ஒடிந்து தண்ணீர் பீறிட்டது. இணையத்தில் கிடைத்த எண்ணை அழைத்தோம். வந்தவர், வேலை முடிந்த பிறகு 'இரவு வேலை' என்று 6,500 ரூபாய் வாங்கினார், ரசீது தரவில்லை. நான்காம் நாளே அதே இடத்தில் கசிகிறது. இப்போது அவர் போனை எடுப்பதில்லை. பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: கேட்டுப் பெற வழி இருக்கிறது. ஆனால் கூலி அதிகம் என்று வாதாடுவதைவிட, வேலை சரியில்லை என்று வாதாடுங்கள்; அதுதான் நிற்கும். குழாய் ஒடியும்போது அதன் மரைத் துண்டு சுவருக்குள் இருக்கும் எல்போவிலேயே (வளைவு இணைப்பு) சிக்கிக்கொள்ளும். அதைக் கழற்றி எடுக்க வேண்டும். உள்மரை கெட்டிருந்தால் சுவரை உடைத்து எல்போவையே மாற்ற வேண்டும். மேலே பசை பூசி மூடினால் தண்ணீர் அழுத்தத்தில் சில நாட்களில் விட்டுவிடும். உங்கள் வீட்டில் நடந்தது இதுதானா என்று பிரித்துப் பார்த்தால் தெரியும்.

ஆகவே அடுத்த பிளம்பர் கை வைப்பதற்கு முன் கசிவை வீடியோ எடுங்கள். கழற்றிய துண்டைத் தூக்கி எறியாதீர்கள். பழைய வேலையில் என்ன குறை என்பதைப் புதியவரின் பில்லில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். ஜிபே போன்ற செயலியில் பணம் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவு ரசீதுக்கு அடுத்த சான்று. முதலாமவருக்கு வாட்ஸ்அப்பில் குறையை எழுதி, ஒரு வாரம் கெடு கொடுங்கள்.

பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாட்டுக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் தாக்கல் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. ரசீது தராததையும் நியாயமற்ற வணிக முறையாக அந்தச் சட்டம் சொல்கிறது. 6,500 ரூபாய்க்காக இவ்வளவு அலைச்சலா என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அந்தத் தயக்கத்தை நம்பித்தான் இப்படிப்பட்டவர்கள் தொழில் நடத்துகிறார்கள் என்பது எனக்கு ஆத்திரமூட்டுகிறது. 1915-க்கு ஒரு போனாவது செய்துவிடுங்கள்.

கேள்வி: அந்த இரவில் நாங்கள் வேறு என்ன செய்திருக்கலாம்?

பதில்: முதலில் வால்வை மூடியிருக்கலாம். தண்ணீர் நின்றுவிட்டால் காலை வரை பொறுக்க முடியும். இரண்டு பேரிடம் கூலி கேட்க முடியும். தரையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போது யாராலும் பேரம் பேச முடியாது.

குளியலறைக்கான வால்வு பெரும்பாலும் அந்த அறையிலோ பின்புறக் குழாய்ச் சந்திலோ இருக்கும். இல்லையென்றால் மொட்டை மாடியில், தொட்டியிலிருந்து குழாய் இறங்கும் இடத்தில் பாருங்கள். உங்கள் வீட்டுக்கு உரியது எது என்று பகலிலேயே பார்த்து, பெயின்டில் வீட்டு எண்ணை எழுதி வையுங்கள். பல ஆண்டுகள் திருப்பாத கேட் வால்வு இறுகிவிடும், ஸ்பானரால் முறுக்கினால் தண்டே முறியும். சில மாதங்களுக்கு ஒருமுறை மூடித் திறந்தாலே போதும். இறுகிப்போனதை மாற்றுவதென்றால் கால் சுற்றில் மூடும் பால் வால்வு நல்லது. வால்வு கிடைக்காவிட்டால் மோட்டாரை நிறுத்திவிட்டு, ஒடிந்த துளையில் துணி சுற்றிய மரக்குச்சியை அடித்து இறுக்குங்கள். கீசர் சுவிட்சை அணையுங்கள். தண்ணீர் பிளக் பாயின்ட்டை நெருங்கினால் மெயினை அணைக்க வேண்டும். ஆனால் தேங்கிய தண்ணீரில் நின்றபடி சுவிட்சைத் தொடக் கூடாது.

பிளம்பரிடம் போனிலேயே கேளுங்கள்: வருகைக் கட்டணம் எவ்வளவு, சாமான் தனியா, மறுபடி கசிந்தால் யார் செலவு? வாட்ஸ்அப்பில் பதில் வாங்குங்கள். வருவதற்கு முன்பே முழுப் பணமும் அனுப்பச் சொல்பவரைத் தவிருங்கள். அப்படி அனுப்பி ஏமாந்துவிட்டால் உடனே இணையப் பண மோசடிக்கான உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

கேள்வி: வாடகை வீடு. செலவு யாருடையது?

பதில்: ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை, தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி குழாய்த்தொடரை மாற்றுவது வீட்டு உரிமையாளர் பொறுப்பு, திருகு குழாய், வாஷர், கீசர் பழுது வாடகைதாரர் பொறுப்பு. உடைந்தது எது என்பதைப் படம் எடுத்து அன்றே உரிமையாளருக்கு அனுப்பிவிடுங்கள்.