6 லட்சம் சி.டி.சி. என்றார்கள், கையில் ஏன் 50,000 வருவதில்லை?

சி.டி.சி. என்பது உங்கள் சம்பளம் அல்ல. உங்களை ஓராண்டு வேலையில் வைத்திருக்க கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு. முழுப் பலாப்பழத்தை எடை போட்டு வாங்குவது மாதிரி: தோல், சடை எல்லாம் போகத்தான் சுளை.

ஒரு கணக்குப் போடுவோம். ஆண்டுக்கு 6 லட்சம், மாதம் 50,000. அதில் அடிப்படைச் சம்பளம் 25,000 என்று வைத்துக்கொள்வோம். கம்பெனி கட்டும் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம், அதாவது 3,000. கிராஜுவிட்டிக்கு, அதாவது பணிக்கொடைக்கு, அடிப்படையில் 4.81 சதவீதம், சுமார் 1,200 (நிரந்தர ஊழியருக்குப் பொதுவாக 5 ஆண்டு முடித்தால்தான் இது கைக்கு வரும்). ‘வேரியபிள் பே’ (வேலைத்திறனைப் பொறுத்து மாறும் சம்பளம்) மொத்தத்தில் 10 சதவீதம் என்றால் இன்னொரு 5,000. மிச்சம் 40,800. இதிலிருந்து உங்கள் பங்கு பி.எஃப். 3,000 போனால் 37,800. தொழில் வரி, காப்பீட்டுப் பிடித்தம் இருந்தால் இன்னும் கொஞ்சம் குறையும்.

இதில் நான் முதலில் பார்ப்பது வேரியபிள் பே. அது இலக்கை எட்டினால் கிடைக்கும் தொகை. கம்பெனிக்கு நல்ல ஆண்டு இல்லையென்றால் பாதிகூட வராமல் போகலாம். ஆகவே எச்.ஆரிடம், “நிலையான பகுதி எவ்வளவு? மாதம் கைக்கு எவ்வளவு வரும்? பிரித்து மெயிலில் அனுப்புங்கள்” என்று கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம், அவர்கள் தினமும் கேட்கும் கேள்விதான். இப்போதைய வேலையில் ராஜினாமா கடிதம் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

பி.எஃப். பிடித்தால் அந்தப் பணம் போச்சு என்று பலர் நினைக்கிறார்கள். உங்கள் பங்கு முழுவதும் வட்டியோடு உங்கள் கணக்கில்தான் சேர்கிறது, கம்பெனி பங்கில் ஒரு பகுதி மட்டும் ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகும்.