தண்டர்பேர்ட் ‘பாஸ்வேர்ட் தவறு’ என்கிறது, உலாவியில் அதே பாஸ்வேர்ட் திறக்கிறது. கணக்கை அழித்துவிட்டுச் சேர்க்கலாமா?

நீங்கள் எழுதியதிலிருந்து எனக்குப் புரிந்தது இது. புதிய கம்ப்யூட்டரில் தண்டர்பேர்ட் என்ற மெயில் புரோகிராமைப் போட்டு ஜிமெயில் முகவரியைச் சேர்த்தீர்கள். பாஸ்வேர்ட் தவறு என்று வந்துகொண்டே இருக்கிறது. உலாவியில் அதே பாஸ்வேர்ட் வேலை செய்கிறது. சந்தேகத்தில் இரண்டு முறை பாஸ்வேர்டை மாற்றினீர்கள். அதற்கப்புறம், அதுவரை ஒழுங்காக ஓடிய பழைய கம்ப்யூட்டரிலும் மெயில் வருவது நின்றுவிட்டது. இப்போது கணக்கை அழித்துவிட்டு முதலிலிருந்து சேர்க்கலாமா என்று கேட்கிறீர்கள்.

அழிக்காதீர்கள். முக்கியமாகப் பழைய கம்ப்யூட்டரில் கை வைக்காதீர்கள். அதில் பாப் முறையில் (சர்வரிலிருந்து மெயிலைக் கம்ப்யூட்டருக்கே இறக்கிக்கொள்ளும் முறை) மெயில் இறங்கிக்கொண்டிருந்தால், சர்வரில் பிரதி இல்லாமல் அந்த ஒரு வட்டில் மட்டுமே பல வருட மெயில் இருக்கக்கூடும். தண்டர்பேர்டில் கணக்கை நீக்கும்போது மெயில்களையும் சேர்த்து நீக்கவா என்று ஒரு கட்டம் வரும். அவசரத்தில் அதையும் டிக் செய்துவிட்டு, அப்புறம் என்னிடம் ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் உண்டு. எல்லோருக்கும் மீட்டுக் கொடுக்க முடிந்ததில்லை. அதனால் முதல் வேலையாகப் பழைய கம்ப்யூட்டரில் ஹெல்ப் மெனுவில் ‘ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்’ திறந்து, ‘புரொஃபைல் ஃபோல்டர்’ எங்கே இருக்கிறது என்று பாருங்கள். தண்டர்பேர்டை மூடிவிட்டு அந்த ஃபோல்டரை அப்படியே ஒரு பென் டிரைவில் நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது காரணத்துக்கு வருகிறேன். ஈரோட்டில் பதினைந்து வருடமாகக் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிறேன். இந்தப் புகாரோடு வருகிறவர்களில் பாஸ்வேர்ட் நிஜமாகவே தவறாக இருப்பவர்கள் குறைவு. ‘பாஸ்வேர்ட் தவறு’ என்று சர்வர் சொல்வதற்குப் பல சமயம் ‘இந்த வகைச் சாவியை நான் இப்போது வாங்குவதில்லை’ என்றுதான் பொருள். மெயில் புரோகிராம் அந்த வித்தியாசத்தைக் காட்டாமல் பாஸ்வேர்ட் கட்டத்தையே மறுபடி திறக்கிறது. நாமும் அதையே மறுபடி அடிக்கிறோம்.

ஜிமெயில் விஷயத்தில் நடந்தது இதுதான். முன்பெல்லாம் கணக்கின் பாஸ்வேர்டை அப்படியே தண்டர்பேர்டிலோ அவுட்லுக்கிலோ கொடுத்தால் போதும். அப்படிக் கொடுத்த பாஸ்வேர்ட் அந்தக் கம்ப்யூட்டரிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். அந்த ஒன்று திருடு போனால் மெயில், போட்டோ, டிரைவ் எல்லாம் போச்சு. போனில் வரும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்புக்கும் அந்த வழியில் இடமே இல்லை. அதனால் 2022 மே 30 முதல் தனிநபர் கணக்குகளுக்கு அந்த வழியைக் கூகுள் மூட ஆரம்பித்தது. இப்போது இரண்டு வழிகள்தான் இருக்கின்றன. ஒன்று ஓஆத்2: கூகுளின் உள்நுழைவுப் பக்கமே ஒரு சிறு சாளரமாகத் திறக்கும், அங்கே நீங்கள் அனுமதி தந்தால் தண்டர்பேர்டுக்கு ஓர் அனுமதிச் சீட்டு கிடைக்கும், பாஸ்வேர்ட் அதன் கைக்கே போகாது. இன்னொன்று ஆப் பாஸ்வேர்ட்: டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன் போட்டிருக்கும் கணக்கில், இதற்கென்றே உருவாக்கிக்கொள்ளும் 16 எழுத்துகள்.

உங்கள் பழைய கம்ப்யூட்டர் ஏன் நின்றது என்பதும் இதிலேயே இருக்கிறது. அதில் யாரோ ஒருவர், இந்த இரண்டில் ஒன்றைப் போட்டுக் கொடுத்திருக்கிறார். அதனால்தான் அது ஓடியது. கணக்கின் பாஸ்வேர்டை மாற்றினால் அதுவரை உருவாக்கிய ஆப் பாஸ்வேர்டுகள் எல்லாம் கூகுளில் ரத்தாகிவிடும். ஜிமெயிலுக்காகக் கொடுத்த ஓஆத் அனுமதிச் சீட்டும் ரத்தாகிவிடும். நீங்கள் பாஸ்வேர்டை மாற்றிய அந்த நிமிடம் பழைய கம்ப்யூட்டரின் சாவியும் செல்லாமல் போய்விட்டது. மெயில் வரவில்லை என்றதும் பாஸ்வேர்டை மாற்றுவது எல்லோரும் செய்வதுதான். ஆனால் உலாவியில் அது திறக்கிறது என்றால் அதில் கோளாறு இல்லை, தொட வேண்டிய அவசியமே இல்லை.

புதிய கம்ப்யூட்டரில் அமைப்புகளைக் கையால் நிரப்பியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன், ஏனென்றால் தண்டர்பேர்டே தேடிக்கொண்டால் ஜிமெயிலுக்கு ஓஆத்2-ஐத்தான் தேர்ந்தெடுக்கும். ‘அக்கவுன்ட் செட்டிங்ஸ்’ போய், உங்கள் முகவரியின் கீழே ‘சர்வர் செட்டிங்ஸ்’ திறங்கள். ஐமேப் முறை (மெயிலைச் சர்வரிலேயே வைத்துப் பார்க்கும் முறை) என்றால் போர்ட் 993, பாதுகாப்பு எஸ்எஸ்எல்/டிஎல்எஸ் என்று இருக்க வேண்டும். ‘அதென்டிகேஷன் மெத்தட்’ என்ற இடத்தில் ‘நார்மல் பாஸ்வேர்ட்’ என்று இருந்தால், அதை ‘ஓஆத்2’ ஆக்குங்கள். அத்தோடு நிறுத்திவிடாதீர்கள். ‘செட்டிங்ஸ்’ பக்கத்தில் ‘பிரைவசி அண்ட் செக்யூரிட்டி’ போய், ‘சேவ்டு பாஸ்வேர்ட்ஸ்’ பட்டியலைத் திறந்தால் கூகுளுக்கென்று இரண்டு மூன்று வரிகள் இருக்கும். ஐமேப் என்று தொடங்குவது, எஸ்எம்டிபி (மெயில் அனுப்பும் வழி) என்று தொடங்குவது, ஓஆத் என்று தொடங்குவது. அவற்றை மட்டும் நீக்குங்கள். இதில் மெயில் எதுவும் போகாது, பழைய சாவிதான் போகும். தண்டர்பேர்டை மூடித் திறந்தால் கூகுளின் சாளரம் வரும்.

அந்தச் சாளரம் வெள்ளையாக நின்றுவிட்டாலோ, பாஸ்வேர்ட் வாங்கிவிட்டு மறுபடி முதலுக்கே வந்தாலோ, அதே ‘பிரைவசி’ பக்கத்தில் குக்கீகளை (இணையப் பக்கம் கம்ப்யூட்டரில் வைக்கும் சிறு குறிப்புகள்) ஏற்கும் கட்டம் டிக் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். குக்கீ இல்லாமல் அந்த உள்நுழைவு முடியாது. மெயில் புரோகிராமுக்கு எதற்குக் குக்கீ என்று அணைத்து வைத்திருப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

இதே வீட்டில் ஹாட்மெயில் அல்லது அவுட்லுக் டாட் காம் முகவரியும் இருந்தால், அங்கே 2024 செப்டம்பர் 16-இலிருந்து ஓஆத்2 ஒன்றுதான் வழி. ஆப் பாஸ்வேர்டும் மெயில் புரோகிராமில் எடுபடாது. சாதா பாஸ்வேர்டோடு மட்டும் பேசத் தெரிந்த பழைய அவுட்லுக் வைத்திருப்பவர்கள் புரோகிராமையே மாற்றத்தான் வேண்டும்.

உங்களுடையது சொந்த டொமைன் முகவரி (‘அட்’ குறிக்குப் பின்னால் கம்பெனியின் பெயரே வரும் முகவரி) இல்லை. ஆனாலும் அதே செய்தி முற்றிலும் வேறு காரணத்தாலும் வரும் என்பதைச் சொல்லாமல் விட மனமில்லை. கரூரில் ஒரு சிறிய ஏற்றுமதி அலுவலகம். ஆறு கம்ப்யூட்டர், சொந்த டொமைனில் மெயில். ஒரு திங்கட்கிழமை காலை ஆறிலும் ‘பாஸ்வேர்ட் தவறு’. கணக்கு பார்க்கும் அக்கா நோட்பேடில் எழுத்தைப் பெரிதாக்கி, பாஸ்வேர்டை அடித்துக் காட்டினார். ஓர் எழுத்து தப்பில்லை. சரக்கு வாங்குபவர் அனுப்பிய ஆர்டர் விவரம் வராமல் தறி நிற்கப் போகிறது என்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நான் என் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, அவருடைய கம்ப்யூட்டரை அதில் இணைத்தேன். அதே பாஸ்வேர்ட், ஒரே முயற்சியில் நூற்றுச் சொச்சம் மெயில் இறங்கியது. மறுபடி அலுவலக வைஃபைக்கு மாற்றினேன், தவறு என்றது.

அப்படியானால் கோளாறு பாஸ்வேர்டில் இல்லை, வரும் பாதையில். முதலாளி சனிக்கிழமை பொது முகவரியின் பாஸ்வேர்டை மாற்றியிருக்கிறார், மேசை இழுப்பறையில் கிடந்த தன் இன்னொரு போனை மறந்துவிட்டார். அந்தப் போன் அலுவலக வைஃபையில் இருந்தபடி கால் மணிக்கு ஒருமுறை பழைய பாஸ்வேர்டோடு சர்வரின் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தது. தொடர்ந்து தவறான பாஸ்வேர்ட் வந்தால், இது யாரோ ஊகித்துப் பார்க்கும் வேலை என்று எண்ணி, அந்த ஐபி முகவரியிலிருந்து (அலுவலக இணைய இணைப்பின் எண், ஆறு கம்ப்யூட்டருக்கும் பொதுவானது) வரும் எல்லோரையும் சர்வர் தடுத்துவிடும். சில சர்வர்கள் அந்த நேரத்தில் சரியான பாஸ்வேர்டுக்கும் ‘தவறு’ என்றே பதில் சொல்லும். இழுப்பறையிலிருந்த போனில் அந்தக் கணக்கை நீக்கிவிட்டு, மெயில் ஹோஸ்டிங்காரர்களிடம் தடையை எடுக்கச் சொன்னோம். மதியச் சாப்பாட்டுக்கு முன் ஆறும் ஓடியது.

அதிலிருந்து எங்கே போனாலும் ஹாட்ஸ்பாட் சோதனையை உலாவிச் சோதனைக்கு அடுத்தபடியாகச் செய்துவிடுகிறேன். இரண்டுக்கும் சேர்த்து ஐந்து நிமிடம் ஆகாது. உலாவியிலும் திறக்கவில்லை என்றால்தான் பாஸ்வேர்டைச் சந்தேகிக்க வேண்டும். உலாவியில் திறந்து, ஹாட்ஸ்பாட்டிலும் மெயில் இறங்கினால் வைஃபை பக்கம் பார்க்க வேண்டும். உலாவியில் திறந்து, ஹாட்ஸ்பாட்டிலும் மறுத்தால் சாவி வகைதான், உங்களுக்கு வந்திருப்பது இது. சொந்த டொமைன் என்றால் யூசர்நேம் கட்டத்தில் முழு முகவரியும் இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள், ‘அட்’ குறிக்கு முன்னால் உள்ளதை மட்டும் போட்டுவிட்டு நாள் முழுக்கத் தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பழைய கம்ப்யூட்டர்களில் மதர்போர்டு பேட்டரி தீர்ந்து தேதி பல வருடம் பின்னால் போயிருந்தாலும் சர்வரின் சான்றிதழ் செல்லாது என்று இணைப்பு அறுந்துவிடும். கடிகாரத்தை ஒரு பார்வை பாருங்கள்.

இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது. வரும் மெயிலுக்கு ஒரு சாவி, போகும் மெயிலுக்கு ஒரு சாவி என்று தண்டர்பேர்ட் தனித்தனியாக வைத்திருக்கும். மேலே சொன்னதைச் செய்து மெயில் வர ஆரம்பித்த பிறகும், அனுப்பும்போது மறுபடி ‘தவறு’ வரலாம். ‘அக்கவுன்ட் செட்டிங்ஸ்’ இடதுபக்கப் பட்டியலில் கடைசியில் ‘அவுட்கோயிங் சர்வர்’ இருக்கும். அதிலும் ஓஆத்2 ஆக்குங்கள், போர்ட் 465 என்றால் எஸ்எஸ்எல்/டிஎல்எஸ், 587 என்றால் ஸ்டார்ட்-டிஎல்எஸ். முடித்துவிட்டு உங்கள் முகவரியிலிருந்து உங்களுக்கே ஒரு மெயில் அனுப்பிப் பாருங்கள். அது இன்பாக்ஸில் வந்து விழுந்த பிறகு, பழைய கம்ப்யூட்டரிலும் இதே வரிசையில் செய்யுங்கள், அங்கே பாப் முறை என்றால் வரும் மெயிலின் போர்ட்டை மட்டும் தொடாதீர்கள். அங்கே ஆப் பாஸ்வேர்ட் வைத்துத்தான் ஓட்ட வேண்டும் என்றால் கணக்கின் செக்யூரிட்டி பக்கத்தில் புதிதாக ஒன்று எடுங்கள். 16 எழுத்தும் ஒரே ஒரு முறைதான் திரையில் காட்டப்படும், இடைவெளி இல்லாமல் அப்போதே ஒட்டிவிடுங்கள்.